கடக்... கடக்...!

என்னிடம் ஒரு கார் இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை ஸார், வாக்குமூலமாகச் சொல்கிறேன்.

மாருதி 800. 1983 டிசம்பரில் டெல்லியில் முதல் வண்டியின் சாவி கைமாறியபோது நாடே வாயைப் பிளந்தது. 2014 ஜனவரியில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். என் கைக்கு வந்தது அதற்கும் பிறகு, மூன்றாவது ஓனராக. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் எனக்குக் 'கார்க்காரர்' என்று பட்டம் கிடைத்தது. ஆபீஸில் கைமாற்றுக் கேட்பவர்களும் கூடிப்போனார்கள்.

போன தை மாசம் ஆயில் மாற்ற விட்டிருந்தேன். மெக்கானிக் தம்பி வண்டிக்கு அடியிலிருந்தே குரல் கொடுத்தான்.

"அண்ணே, இடது பக்கம் ஆக்ஸில் பூட் கிழிஞ்சிருக்கு. இப்பவே மாத்திருவோம். சில நூறு ரூபாயோட போயிரும்."

எனக்குப் பூட் என்றால் காலில் போடுவதுதான் தெரியும். எட்டிப் பார்த்தேன். சக்கரத்துக்குப் பின்னால், ஆர்மோனியப் பெட்டித் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை. அதில் விரல் நுழைகிற அளவு கிழிசல். உள்ளே இருந்த கிரீஸ் முழுக்க ரிம்மில் தெறித்து அப்பியிருந்தது.

"வண்டி நல்லாத்தானே ஓடுது? அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றேன். 'அடுத்த மாசம்' என்பது மாசச் சம்பளக்காரனின் குலதெய்வம்.

பங்குனியில் ஆரம்பித்தது. நேரே போனால் சத்தமே இல்லை. வலது பக்கம் ஒடித்துத் திருப்பினால் இடது முன்சக்கரத்திலிருந்து 'கடக்... கடக்... கடக்...' (நேரே போகிற வரைக்கும் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். மனுஷனும் அப்படித்தான்.)

நான் உடனடியாக நடவடிக்கை எடுத்தேன். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

பின் சீட்டிலிருந்து அப்பா பேசினார். நாற்பது வருஷம் கைத்தறி நெய்தவர். "தறியில இப்படிச் சத்தம் வந்தா நாங்க நிறுத்திட்டுப் பார்ப்போம்."

"அப்பா, இது தறி இல்லப்பா, கார்."

"அதான் சொல்றேன். தறின்னா வீட்டுக்குள்ளயே நிக்கும். இது நடுவழியில நிக்கும்."

நிற்க. (வண்டி அல்ல, கதை.) அந்தக் கடக்கடக் எதனால்? அம்பாஸடரில் பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் திரும்பும். வேலை இரண்டு, ஆள் இரண்டு. மாருதியில் இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரமேதான். சுற்றிக்கொண்டே இருக்கிற ஆக்ஸில், திரும்பும்போது வளையவும் வேண்டும். வளைந்தாலும் சுழலும் வேகம் மாறக்கூடாது. பழைய சிலுவை ஜாயின்ட்டில், வளைந்தால் சுழற்சி ஒரே சீராக இருக்காது, உதறும். 1920களில் ஃபோர்டு கம்பெனியில் இன்ஜினீயராக இருந்த ஆல்ஃபிரட் ரெஸெப்பா என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். குழிவான கிண்ணம், உள்ளே ஆறு குண்டுகள், அவை ஓடப் பள்ளங்கள். 1959-ல் இங்கிலாந்தில் வந்த மினி காரில் அந்த மாதிரி ஜாயின்ட் ஏறியது. பிறகு முன்சக்கரம் இழுக்கிற கார்களில் எல்லாம் பரவிவிட்டது. நம்ம ஊர் மெக்கானிக் வாயில் அது 'ஸி.வி. ஜாயின்ட்'.

அந்த ஆறு குண்டுக்கும் காவல், ரப்பர் பூட். உள்ளே உள்ள கிரீஸ் வெளியே போகக்கூடாது, வெளியே உள்ள தூசி உள்ளே வரக்கூடாது. எங்கள் பக்கத்து வெயிலில் ரப்பர் காய்ந்து வெடிக்கிறது. மிச்சத்தைக் கல்லும் சீமைக்கருவேல முள்ளும் பார்த்துக்கொள்கின்றன. பூட் கிழிந்தால் கரிசல் காட்டுப் புழுதி உள்ளே போய், கிரீஸோடு கலந்து, சாணை பிடிக்கிற பசையாக மாறிவிடும். சத்தம் கேட்க ஆரம்பித்தால் குண்டும் பள்ளமும் ஏற்கெனவே தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அப்புறம் புது பூட் மாட்டுவது, பல் விழுந்த பிறகு பல் தேய்க்கிற மாதிரி.

சித்திரையில் ஒரு நாள் திருச்சுழியிலிருந்து போன். அத்தைக்கு உடம்பு முடியவில்லை. "தம்பியைப் பார்க்கணும்"னு சொல்கிறார்களாம்.

அப்பாவும் அத்தையும் பேசிப் பதினோரு வருஷம். பாகப்பிரிவினையில் ஒரு குட்டிச்சுவர் யாருக்கு என்று தகராறு. (அந்தச் சுவர் நாலாவது வருஷ மழையிலேயே விழுந்துவிட்டது.) திருச்சுழி, 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர். மௌனத்துக்குப் பேர்போன மகான். எங்கள் வீட்டு மௌனம் அந்த வகை இல்லை.

அப்பா ஒன்றும் பேசவில்லை. பெட்டியிலிருந்து புது வேட்டியை எடுத்துக் கட்டினார். "கிளம்பு" என்றார்.

பாதி வழியில் ஒரு வளைவு. 'டமால்!' இன்ஜின் ஓடுகிறது. ஃபர்ஸ்ட் கியர் விழுகிறது. ஸ்பீடாமீட்டர் முள் இருபதைக் காட்டுகிறது. வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது!

"ஒரு பக்கம்தானே போச்சு? இன்னொரு சக்கரம் இழுக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். இழுக்காது. நடுவில் டிஃபரன்ஷியல் என்று ஒன்று இருக்கிறது. எந்தப் பக்கம் எளிதாகச் சுற்றுகிறதோ, அந்தப் பக்கமே சுற்றிவிடும். உழைக்கிற பிள்ளையை விட்டுவிட்டு ஊதாரிப் பிள்ளைக்கே காசைக் கொடுக்கும் சில அப்பாக்கள் மாதிரி.

கண்ணுக்கு எட்டிய வரை சீமைக்கருவேலம். அதன் நிழலும் முள் முள்ளாகத்தான் விழுகிறது. அப்பா அங்கே உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கரிமூட்டை ஏற்றிய ஒரு குட்டி லாரி நின்றது. டிரைவர் பக்கத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம். "நீங்க உட்காருங்க" என்றேன். "என்னை முன்னால விட்டுட்டு நீ பின்னால என்ன செய்வே?" என்று என்னை முன்னால் ஏற்றிவிட்டு, புது வேட்டியை மடித்துக் கட்டி மூட்டைமேல் ஏறிவிட்டார்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் போய்ச் சேரும்போது மணி இரண்டு. அத்தையைத் திண்ணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே படுக்கச் சொன்னால் மாட்டேன் என்றார்களாம். கரி அப்பிய தம்பியை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"ஏண்டா இவ்வளவு நேரம்?"

"வண்டி அச்சு முறிஞ்சு போச்சுக்கா."

"காலையிலேர்ந்து ஆனதைக் கேக்கலடா. பதினோரு வருஷமா எந்த அச்சு முறிஞ்சு கிடந்துச்சு?"

அப்பா பதில் சொல்லவில்லை. அத்தையின் காலடியில் உட்கார்ந்தார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் கரி. அத்தைக்குச் சிரிப்பு வந்தது, இருமலும் வந்தது. நான் காரைக் கட்டி இழுக்க ஆள் தேடும் சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

மெக்கானிக் தம்பி ஜாயின்ட்டைப் பிரித்து, தேய்ந்து சப்பிப்போன குண்டுகளை என் உள்ளங்கையில் வைத்தான். ஆக்ஸில் முழுசாகப் புதுசு, கூடவே ஆயில் ஸீல், கியர் ஆயில். சில நூறில் முடிந்திருக்க வேண்டியது சில ஆயிரம். "வலது பக்க பூட்டையும் பார்த்துரு" என்று நானே சொன்னேன். அவன் என்னை அதிசயமாகப் பார்த்தான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா, "திருச்சுழி போவமா?" என்பார். ஒரு வளைவிலும் சத்தம் இல்லை. ஆவணியில் அத்தை போய்விட்டார்கள். இருந்த நாலு மாசத்தில், பதினோரு வருஷத்துப் பேச்சில் பாதியாவது பேசியிருப்பார்கள்.

வீட்டில் முன்சக்கரம் இழுக்கிற கார் இருக்கிறதா? மாசம் ஒருமுறை டார்ச் அடித்து முன்சக்கரத்தின் உள்பக்கம் பாருங்கள். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள். அப்புறம் மறுபக்கம் ஒரு வட்டம். காதைக் கொடுங்கள்.

கடக் என்று கேட்டால், தயவுசெய்து பாட்டுச் சத்தத்தைக் கூட்டாதீர்கள்.

கார் இல்லாதவர்கள், பேசாமல் விட்ட அக்காவுக்கு ஒரு போன் போடலாம்.