லைன் இல்லாத லயன்கள்: ரெம்பாவ் தோட்ட மக்களுக்கு ஒரு பொது வேண்டுகோள்

தோட்டத்துத் தமிழில் ஒரே ஆங்கிலச் சொல் இரண்டாகப் பிரிந்து வழங்குகிறது. தொழிலாளர் வீட்டு வரிசை லயன் ஆயிற்று. கைப்பேசிக்கு வரும் சிக்னல் லைன் ஆயிற்று. மலேசியாவின் ரெம்பாவ் வட்டாரத்துச் செம்பனை, ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் லயன் இருக்கிறது, லைன் சரியாக எட்டுவதில்லை. மாலையானால் இது கண்கூடு. வீட்டுக்குள் ஒரு கோடு காட்டும் போன் கோயில் மேட்டில் மூன்று கோடு காட்டும். வங்கியின் அனுமதிச் செய்திக்காகத் தாய்மார் அங்கே படியில் காத்திருப்பார்கள். பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி பாடக் காணொளியை இறக்குவார்கள். ஜன்னல் விளிம்பில் கவிழ்த்த மைலோ டின்னும் அதன்மேல் சாய்த்த போனும்தான் சில வீடுகளில் குடும்பம் முழுவதற்கும் ஹாட்ஸ்பாட்.

இணையம் இப்போது தண்ணீர், மின்சாரத்தோடு சேர்த்து எண்ணப்படும் தேவை. கோவிட் பரவலைத் தடுக்க 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் பள்ளிப் பாடம் கைப்பேசிக்கு வந்தது. பின்னர் தடுப்பூசிப் பதிவும் மைசெஜாத்ரா செயலிக்குப் போயிற்று. 2020 ஜூனில் சபாவின் பித்தாஸ் பகுதியில் ஒரு பல்கலைக்கழக மாணவி, தேர்வு எழுத லைன் தேடி மரத்தின்மேல் இரவைக் கழித்த செய்தி நாட்டையே உலுக்கியது. தோட்டத் தொழிலாளர் வீட்டுக்கு இருக்க வேண்டிய வசதிகளை வரையறுக்கும் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் குடிநீரையும் மின்சாரத்தையும் வலியுறுத்துகிறது. அது எழுதப்பட்டபோது லயன்களில் கைப்பேசியே கிடையாது.

அரசு சும்மா இருந்துவிடவில்லை. 2020 ஆகஸ்டில் ஜெண்டேலா என்னும் தேசிய இணையத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி பரப்பை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்துவதும், சராசரி வேகத்தை நொடிக்கு 25 மெகாபிட்டிலிருந்து 35 மெகாபிட்டுக்குக் கொண்டுவருவதும் அதன் முதற்கட்ட இலக்கு. 2021 டிசம்பர் 31க்குள் 3ஜி மூடப்பட்டு அதன் அலைக்கற்றை 4ஜிக்குத் திருப்பப்பட்டது. 5ஜி அதே டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவில் தொடங்கி, 2023 இறுதியில் மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டை எட்டியது. ஆனால் விழுக்காடு என்பது கூட்டிக் கழித்த கணக்கு. 97 பேர் சாப்பிட்ட பந்தியில் இலை கிடைக்காத 3 பேருக்கு அந்தக் கணக்கால் பசி தீராது. குன்றுக்குப் பின்னால் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு லயன், நாட்டின் சராசரியைக் கடுகளவும் அசைக்காது.

லைன் வராததற்கும், வந்தும் இணையம் ஊர்வதற்கும் காரணங்கள் வேறு வேறு. கைப்பேசிக் கோபுரங்கள் பொதுவாக ஆளும் வண்டியும் மிகுந்த பட்டணத்தையும் நெடுஞ்சாலையையும் ஒட்டி எழுகின்றன. தோட்டமோ உள்ளே தள்ளியிருக்கிறது. இடையில் நிற்கும் மேடும், ஈரம் செறிந்த செம்பனை ஓலையும் அலையின் வலுவைக் குறைக்கின்றன. மிச்சத்தை லயன் வீட்டுத் தகரக் கூரை தடுக்கிறது. தாழ்ந்த அலைவரிசை தொலைவு போகும், ஆனால் குறைந்த டேட்டாவையே சுமக்கும். உயர்ந்தது வேகமானது, தடையை எளிதில் தாண்டாது.

நான்கு கோடு காட்டியும் படம் சுற்றிக்கொண்டே நின்றால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதனோடு இணைந்த அத்தனை போன்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. இரவு எட்டு மணிக்கு எல்லாரும் ஒரே குழாயில் வாளி வைத்தால் யார் வாளியும் சீக்கிரம் நிறையாது. கோபுரத்துக்கு ஃபைபர் வந்திருக்கிறதா, நுண்ணலை இணைப்பு மட்டும்தானா என்பதும் வேகத்தை முடிவு செய்கிறது. 4ஜி வழியே குரல் அழைப்பு போகாத பழைய போன்கள், 3ஜி மூடப்பட்ட பின் பேசுவதற்கு 2ஜியை நம்பியிருக்கின்றன.

சீர்செய்யப் பணமும் அதிகாரமும் உள்ள இடங்கள் தெரிந்தவையே. உரிமம் பெற்ற நிறுவனங்கள் கணக்கிடப்பட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அனைவருக்குமான சேவை நிதிக்குச் செலுத்துகின்றன. லாபம் பாராமல் சேவை எட்டாத பகுதிகளுக்கு வசதி கொண்டுபோகவே அந்த நிதி. அதை நடத்துவது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமாகிய எம்.சி.எம்.சி. கோபுரம் எழுப்ப உள்ளாட்சி மன்ற அனுமதி வேண்டும். நிலம் தோட்டத்துடையது என்றால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும்.

இத்தனை பேருக்கும் லயனின் நிலை தெரிய ஒரே வழி பதிவான புகார். கோயில் வாசலிலும் சாப்பாட்டுக் கடையிலும் பேசித் தீர்த்த குறை எந்த வரைபடத்திலும் ஏறுவதில்லை. புகார் வராத இடம் குறையில்லாத இடமாகவே கொள்ளப்படும். ஆகவே ரெம்பாவ் வட்டாரத் தோட்டக் குடியிருப்பாளர்கள் சார்பில், பெடாஸ், செம்போங், கோத்தா சுற்றுவட்டார மக்கள் அனைவருக்கும் பின்வரும் வேண்டுகோள் விடுக்கப்படுகிறது.

முதலாவது, அளந்து எழுதுதல். காலை, மதியம், இரவு எட்டு மணி என மூன்று வேளையும், வீட்டுக்குள்ளும் வாசலிலும், ஒரு வாரத்துக்கு வேகச் சோதனை செய்து நாள், நேரம், இடம், நிறுவனம், அளவு ஆகியவற்றை ஒரு பள்ளி நோட்டில் குறிக்க வேண்டும். காணொளி வகுப்பு தடையின்றி ஓட நொடிக்கு 2 முதல் 4 மெகாபிட் போதும். அதுவும் கிடைக்காத வேளைகளைக் கோடிட்டுக் காட்டலாம். சில முன்கட்டணத் திட்டங்களில் வேக வரம்பு உண்டு என்பதால், அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, புகாரை வரிசைப்படி கொண்டுபோதல். முதலில் சேவை நிறுவனத்திடம் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் போதாவிட்டால், அந்த எண்ணோடு எம்.சி.எம்.சி.யின் புகார்த் தளத்திலோ 1800-188-030 என்ற எண்ணிலோ முறையிடலாம். தோட்டத்தின் பெயரோடு லயனின் வரைபடப் புள்ளியையும் தர வேண்டும். பெயர் மட்டும் சொன்னால் அலுவலர் பார்ப்பது தோட்ட அலுவலகத்தையே. ஒரு வீட்டின் புகார் ஒரு போனின் கோளாறாகத் தோன்றலாம். இருபது வீட்டுப் புகாரை அப்படித் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது, ஆளுக்கு ஆள் துணை நிற்றல். படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பதால் முதியவர்கள் தயங்குகிறார்கள். படித்த பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து வீட்டை ஏற்றுக்கொண்டால் ஒரு வார இறுதியில் ஒரு தோட்டம் முடிந்துவிடும். தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் பெற்றோரைப் பார்க்க வரும் நாளில் அங்கிருந்தே அளந்து பதியலாம்.

நான்காவது, கோபுரத்துக்கு இடம் தருதல். கதிர்வீச்சு அச்சத்தால் கோபுரமே வேண்டாம் என்று எழும் எதிர்ப்பு பல இடங்களில் பணியை நிறுத்தியிருக்கிறது. கைப்பேசிக் கோபுரத்தின் அலை அணுக்கதிர் வகையைச் சேர்ந்ததன்று. அதற்குப் பாதுகாப்பு வரம்பும் உண்டு. ஐயம் உள்ளவர்கள் அளவீட்டைக் கேட்டுப் பெறலாம். தோட்ட நிர்வாகங்கள் மேட்டு நிலத்தில் சிறு இடம் ஒதுக்கவும், கோயில், பள்ளி வாரியங்கள் அதற்கான கூட்டுக் கடிதத்தில் கையெழுத்திடவும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

கோபுரம் எழுந்த பிறகும் நோட்டை மூடிவிடக் கூடாது. அதே படியிலும் அதே ஜன்னலோரத்திலும் அதே வேளைகளில் மீண்டும் அளந்து, பழைய கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி, அந்தப் பக்கத்தின் படத்தை ஆணையத்துக்கு அனுப்பினால்தான் புகார் முறையாக முடிந்ததாகும்.