சிகரெட்டை விடும் தோழரைத் தனியாக விடலாமா?

ஆர்ப்பாட்டம் முடிந்து பதாகைகளைச் சுருட்டியதும் நாம் போய் நிற்கும் இடம் டீக்கடை. மேடையில் பேசாமல் விட்ட விமர்சனம், அடுத்த வாரத்துக்கான வேலைப் பிரிவினை, புதிதாக வந்த மாணவரின் அறிமுகம் எல்லாம் அங்கேதான் நடக்கிறது. ஒரு கையில் டீ, மறு கையில் தம். சிகரெட்டை விட முயலும் தோழர் அந்த இடத்திலிருந்து விலகி நிற்க வேண்டியிருக்கிறது. நிக்கோட்டினோடு சேர்த்து நம் பேச்சையும் அவர் இழக்கிறார். பத்து நாளில் மீண்டும் பற்றவைத்தால், "அவருக்கு மன உறுதி போதாது" என்று முடித்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு நியாயமற்றது என்கிறோம்.

புகைப்பழக்கத்தைப் பற்றிப் பேச நம் இயக்கங்களில் ஒரு தயக்கம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 'குடிப்பான், பீடி பிடிப்பான்' என்று சொல்லியே சேரி மக்களை இழிவுபடுத்திய சமூகம் இது. செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் நடக்கக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது, ஆதிக்கச் சாதியார் எதிரில் பீடி பற்றவைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்த ஊர்களில், பொது இடத்தில் நின்று புகை விடுவதே எதிர்ப்பாக இருந்தது. அந்த எதிர்ப்பின் நியாயத்தை நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால், எவன் எதிரிலும் பற்றவைக்கும் உரிமை நமக்கு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. காலையில் எழுந்ததும் பற்றவைக்காமல் இருக்க நம்மால் முடிகிறதா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குப் போராடிப் பதில் பெற்றவர்கள் இரண்டாவதை ஒழுக்கப் பிரசங்கிகளிடம் விட்டுவிடக் கூடாது.

விடுதலை ஏக்கத்தை விற்பனைச் சரக்காக்குவது சிகரெட் கம்பெனிகளின் பழைய வித்தை. 1929இல் நியூயார்க்கின் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிகரெட் பிடித்தபடி நடந்தார்கள். 'விடுதலைத் தீப்பந்தங்கள்' என்று அதற்குப் பெயர். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனிக்காக எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர நிபுணர் நடத்திய ஏற்பாடு அது. பின்னர் அதே நாட்டில் கறுப்பின மக்களைக் குறிவைத்து மெந்தால் சிகரெட்டை விற்றார்கள். அவர்களின் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார்கள், குடியிருப்புகளில் இலவசமாகக் கொடுத்தார்கள், சிவில் உரிமை அமைப்புகளுக்கு நன்கொடையும் தந்தார்கள். அங்கே புகைபிடிக்கும் கறுப்பினத்தவரில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இன்று மெந்தால் சிகரெட்டையே பிடிக்கிறார்கள். அதைத் தடைசெய்ய 2022இல் முன்வைக்கப்பட்ட முன்மொழிவு, 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது.

இந்தியாவில் 2016-17இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதோவொரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். படிப்பும் வருமானமும் குறைந்த மக்களிடம் இது அதிகம். கூலி வேலைக்குப் போகிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், அந்த வீட்டில் அடுத்துப் பறிபோவது பிள்ளையின் கல்லூரிப் படிப்பு. நோயை எல்லாச் சாதியும் வர்க்கமும் ஒரேபோலத் தாங்குவதில்லை.

விடுவது ஏன் கடினம் என்பதைத் தெரிந்துகொள்வோம். இழுத்த சில நொடிகளில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. இரத்தத்தில் உள்ளதில் பாதி சுமார் இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. உடனே உடம்பு அடுத்ததைக் கேட்கிறது. விட்டவருக்கு எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் வரும். முதல் சில நாட்கள்தான் மிக மோசம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணியும். பிடிக்கத் தூண்டும் ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களில் கடந்துவிடும். எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களில் ஓராண்டு தாக்குப்பிடிப்போர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். நிக்கோட்டின் சூயிங்கம், பட்டை போன்றவை வெற்றி வாய்ப்பைச் சுமார் ஒன்றரை மடங்காக்குகின்றன. ஆலோசனையும் சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். ஓராண்டு விட்டிருந்தாலே மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது.

விட்டதைக் காப்பாற்றுவது அடுத்த போராட்டம். களப்பணியாளருக்கு அது எங்கே சறுக்கும் என்று நமக்குத் தெரியும். வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியும் குழுவாகப் போய்த் திரும்பும் இரவு. பிணவறை வாசல். வழக்குப் பதிவு செய்ய மறுக்கும் காவல் நிலையத்தில் காத்திருக்கும் மணிக்கணக்கான நேரம். தேர்வுக்கு முந்தைய நாள். "ஒன்றே ஒன்று" என்று யாராவது நீட்டுவது அப்போதுதான். அந்த ஒன்று பழைய கணக்கைத் திரும்பத் தொடங்கிவைக்கும். தவறி ஒன்று பிடித்துவிட்டால், தோற்றோம் என்று பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. அடுத்ததைப் பிடிக்காமல் இருந்தால் போதும்.

அமைப்பாக நாம் செய்யக்கூடியவை எளியவை. விடும் தேதியைத் தோழர் அறிவிக்கட்டும். அந்த நாளிலிருந்து அவரிடம் யாரும் நீட்ட வேண்டாம். பிடிப்பவர்கள் தள்ளிப் போய்ப் பிடிக்கட்டும், கூட்டம் அவரோடு இருக்கட்டும். கடினமான களப்பயணங்களுக்கு முதல் மாதம் அவரைத் தனியே அனுப்ப வேண்டாம். மூத்த தோழர்கள் இளையவர்களை சிகரெட் வாங்கி வர ஏவும் வழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். ஏவல் வேலையை எதிர்த்து வளர்ந்த இயக்கத்தில் இதற்கு இடமில்லை. பெண் தோழர்கள் புகைத்தால் கிசுகிசு பேசுவதும் நிற்க வேண்டும். ஒளித்துப் பிடிக்க வேண்டியவர் விடுவதற்கு உதவி கேட்க வரமாட்டார்.

பாக்கெட்டின் மீதே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 கட்டணமில்லா எண். அழைத்தால் ஆலோசகர் பேசுவார். 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தட்டும். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. விடுதி வாசல் கடைகளை வைத்து மாணவர் அமைப்புகள் மனு எழுத இது போதும்.

அடுத்த கூட்டம் முடிந்து டீ குடிக்கப் போகும்போது, நம்மில் யார் விட்டிருக்கிறார் என்று கேட்போம். அவர் நிற்கும் பக்கம் போய் நின்று பேச்சைத் தொடர்வோம்.