ஆசிரியர்க்குக் கணக்கு வருமா?

தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்குக் கணக்குத் தெரியுமா என்று கேட்டால் சினம் கொள்வோர் உளர், நகைப்போரும் உளர். இரண்டும் வேண்டா. 2025 செப்டம்பர் 1ஆம் நாள் இந்திய உச்ச வழக்குமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பின், இவ்வினா ஆசிரியர் ஒவ்வொருவர் வாயிலிலும் வந்து நின்றுவிட்டது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் உடையோர் ஈராண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் வெல்லவேண்டும். இல்லையேல் பணியில் தொடர இயலாது என்பது அத்தீர்ப்பு. கோச்சடையிலும் வையைக்கரை ஊர்களிலும் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக் கொடுத்தே நரைத்தவர்கள் இன்று வினா விடைத் தொகுப்புகளை நெட்டுருச் செய்கின்றனர்.

அத்தேர்வு கணக்கறிவை அளக்குமா? 2012 சூலை 12ஆம் நாள் தமிழ்நாட்டில் முதன்முறை அது நடந்தபோது ஆறு இலக்கத்திற்கு மேற்பட்டோர் எழுதினர். வென்றோர் 2,448 பேர். நாடே கைகொட்டி நகைத்தது. ஆனால், 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரமே தரப்பட்டது. வினா ஒன்றுக்கு 36 நொடி! அதே ஆண்டு அக்டோபர் 14இல் மூன்று மணி நேரம் தந்து நடத்தியபோது வென்றோர் 19,000 பேரைத் தாண்டினர். முதல் தாளில் கணக்கிற்குரியவை 30 வினாக்களே. வெற்றிக்கு அன்று வேண்டியிருந்தவை 90 மதிப்பெண்கள். கணக்கில் ஒன்றும் பெறாதவரும் ஏனைய 120இல் 90 பெற்று வென்றிருக்கலாம். இதனைக் கணக்காசிரியரின் அளவுகோல் என்பது எங்ஙனம் பொருந்தும்?

உண்மையான அளவுகோல் வேறு. இலிப்பிங் மா என்னும் சீன அம்மையார் 1999இல் வெளியிட்ட நூலொன்றில் அதனைக் காட்டினார். (மா என்பது நம் கணக்கில் இருபதில் ஒன்று, பெயரே பொருத்தந்தான்.) ஒன்றேமுக்காலை அரையால் வகுக்கவும், அதற்கேற்ற கதைக்கணக்கு ஒன்று சொல்லவும் ஆசிரியர்களைக் கேட்டார். அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் சரியான விடை கண்டோர் ஒன்பதின்மர். சீன ஆசிரியர் 72 பேரும் விடை கண்டனர். கதைக்கணக்கிலோ அமெரிக்கர் ஒருவரைத் தவிர அனைவரும் இடறினர்; பலர் அரையால் வகுத்தலை இரண்டாகப் பங்கிடுதல் என்றே மயங்கினர்.

நம் ஆசிரியர்கள் விடை காண்பார்கள். அதில் எமக்கு ஐயமில்லை. "தலைகீழாக்கிப் பெருக்கு" என்னும் முறை அவர்கட்குத் தெரியும். ஆனால் மாணவன் எழுந்து, "ஐயா, வகுத்தால் குறையவேண்டுமே, ஒன்றேமுக்கால் எப்படி மூன்றரையாய் வளர்ந்தது?" என்று கேட்டால்? ஒன்றேமுக்கால் படிப் பாலை அரைப்படிச் செம்பால் முகந்தால் எத்தனை செம்பு என்று திருப்பிக் கேட்பவரே கணக்கறிந்தவர். "வாயை மூடிக்கொண்டு போட்டதை எழுது" என்பவர் அறியாதவர். அவ்வறியாமைக்கு அவர் மட்டுமே பொறுப்பாளி அல்லர். மேனிலைப் பள்ளியில் எப்பிரிவில் பயின்றவரும் ஆசிரியர் பயிற்சியில் சேரலாம். பத்தாம் வகுப்போடு கணக்கைத் துறந்தவரும் அவருள் அடங்குவர். ஈராண்டுப் பயிற்சியில் கற்பிக்கும் முறை பேசப்படுகிறது; கற்பிக்கப்படும் கணக்கு ஆழமாய்ப் பேசப்படுவதில்லை.

நம் திண்ணைப் பள்ளிகள் எண்சுவடியை நெட்டுருச் செய்வித்தன. எல்லாக் குலத்தார்க்கும் அவை திறந்திருக்கவுமில்லை. எனினும், நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால் என்று அங்கே சொல்லப்பட்டபோது, கீழ்வாய் எண்ணுக்கு நெல்லும் நிலமும் பொருளாய் நின்றன. மதுரைக் கடைவீதிப் பெண்டிர் இன்றும் அரைக்கால், முக்கால் என்று பிழையின்றிக் கணக்கிடுகின்றனர். அவர்தம் பிள்ளைகளுக்கோ, 2012ஆம் ஆண்டு தொட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. தமிழில் விளக்கவே தடுமாறும் ஒன்றைத் தமக்கே முழுதும் வசப்படாத மொழியில் ஆசிரியர் விளக்கவேண்டும். முறையைத் தவிர வேறெதனை அவர் சொல்வார்?

எனவே அரசினரைக் கேட்கிறோம்: தேர்வுக்குக் குறித்த இவ்வீராண்டில் ஆசிரியர்க்குக் கணக்கையே கற்பியுங்கள். தே. கல்லுப்பட்டியிலும் பிற மாவட்டங்களிலும் உள்ள ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் படிவம் நிரப்பும் பயிற்சிகளை ஒதுக்கிவிட்டு, இடமதிப்பு, வகுத்தல், கீழ்வாய் எண் ஆகிய மூன்றையேனும் ஆசிரியர் ஒருவர்க்கொருவர் தமிழில் விளக்கிப் பழகும் களங்களாகட்டும். ஆசிரியர் கூட்டணிகளுக்கும் ஒரு சொல்: தேர்வு வேண்டா என்று தெருவில் நின்றால் மட்டும் போதாது, மாணவனின் அந்த வினாவுக்கு விடை சொல்ல எம்மைப் பயிற்றுக என்றும் கேளுங்கள். ஊதிய உயர்வுக்குக் கேட்ட அதே உரத்த குரலில் கேளுங்கள்.