மன்னிக்கச் சொல்லும் முன்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21), தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுவதும் வன்முறையை அனுபவித்த பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. அவர்களிலும் காவல் நிலையப் படியேறியவர்கள் மிகச் சிலர்.

யாரிடமும் சொல்லாத பெண்ணும் சாமியிடம் சொல்கிறாள். ராகுகாலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கேற்றுகிறாள். உபவாச ஜெபத்தில் கடைசி வரிசையில் அழுகிறாள். தர்காவில் நேர்ச்சை வைக்கிறாள். ஒருநாள் துணிந்து மனிதரிடம் வாய் திறந்தால், அவர் பெரும்பாலும் பாஸ்டரம்மாவாகவோ கன்னியாஸ்திரியாகவோ ஜமாத் பெரியவராகவோ இருப்பார். “பிள்ளைங்க முகத்தப் பாத்துப் பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு, மாறிடுவார்” என்று பதில் வருகிறது. சொல்பவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால், அன்றிரவு அவள் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

வன்கொடுமையிலிருந்து மீள்வது குறித்து அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை. முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததைச் சொல்லி அழுவது, அதன் பிறகே உலகத்தோடு மீண்டும் உறவு என்பது அவர் கண்ட வரிசை. நம் வழிபாட்டிடங்கள் பலவற்றில் மன்னிப்பு முதல் நாளே கேட்கப்படுகிறது. அடித்தவர் வருந்தும் முன்பே, அடிபட்டவள் மன்னித்தாளா என்று சோதிப்பது கொடுமை.

மதங்களே இதைத்தான் சொல்கின்றன என்பதை நான் ஏற்கமாட்டேன். துரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து நடக்கும்போது, அவையில் அவமானப்பட்டவள் படுகளம் வரை கூந்தலை முடிவதில்லை. மறந்துவிடு என்று அவளிடம் ஊர் சொல்வதில்லை, கையெடுத்துக் கும்பிடுகிறது. திருமணத்தை முறிக்க முடியாத பந்தமாகக் கருதும் கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பிலேயே, உடலுக்கோ ஆன்மாவுக்கோ பேராபத்து விளைவிக்கும் துணையைப் பிரிந்து வாழ 1153ஆம் பிரிவு இடம் தருகிறது. தாமதம் ஆபத்தானால் ஆயரின் ஆணைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். ஞாயிறு மறையுரையில் இதைக் கேட்ட பெண்கள் எத்தனை பேர்?

மதத்துக்குள் இருந்தபடியே நீதி கேட்க முடியும் என்பதைப் புதுக்கோட்டையில் செயலில் காட்டியவர் தாவூத் ஷரிஃபா கானம். 1991இல் அவர் தொடங்கிய ‘ஸ்டெப்ஸ்’ அமைப்பைத் தேடி அடிபட்ட பெண்களும் தலாக் சொல்லித் துரத்தப்பட்ட பெண்களும் வந்தார்கள். ஊர் ஜமாத்தோ ஆண்கள் மட்டும் கூடும் இடம். தன் வாழ்க்கை பற்றிய தீர்ப்பைக்கூட ஒரு பெண் வெளியே நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும். மதத்தை விட்டுப் போகாமல், பெண்களே கூடும் ஜமாத்தை அவர்கள் உருவாக்கினார்கள். அங்கே மனு கொடுப்பவள் தானே பேசுகிறாள். எதிர்த்தரப்பை அழைத்து விசாரிக்கிறார்கள். தேவையானால் காவல் நிலையத்துக்கும் உடன் போகிறார்கள். தீபா தன்ராஜின் 2011ஆம் ஆண்டு ஆவணப்படம் இதைப் பதிவுசெய்திருக்கிறது. நம்பிக்கை சார்ந்த ஆதரவுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை: தொழுகை இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, பேசுவது பாதிக்கப்பட்டவள்.

குழந்தைகள் விஷயத்தில் யோசிக்கவே இடமில்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் புகார் தெரிவிக்க வேண்டும் என்கிறது. “சபைக்குள்ளேயே பேசி முடிப்போம்” என்று மறைப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கான 1098, மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியவற்றை ஒவ்வொரு போதகரும் இமாமும் அர்ச்சகரும் அறிந்திருக்க வேண்டும். கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமரசம் பேசும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அவன் எதிரில் அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் அடி காத்திருக்கிறது.

வீட்டை விட்டு வெளியேறியவளுக்கு அதன் பிறகும் சபை வேண்டும். அடித்தவர் முன்வரிசையில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்க, அவள் வாசல்வரை வரக் கூசுகிறாள். அவர் எழுந்து போகட்டும். வாடகை முன்பணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வழக்கு நாளில் நீதிமன்றத்துக்கு உடன் வர ஒரு ஆள் என்று அவளுக்குத் தேவைகள் நிறைய. காணிக்கையிலும் ஜகாத்திலும் கோயில் உண்டியலிலும் சேரும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கும் முடிவை, வரும் ஆண்டின் நிர்வாகக் கூட்டத்திலேயே எடுக்கலாம்.