மாங்காய்ப் பெட்டிக்குக் கயிறு உண்டு, ஆளுக்கு?

பெரியகுளம் வட்டாரத்தில் மாங்காய்ப் பறிப்பு தொடங்கிவிட்டால், விடியற்காலையில் ஓடும் லோடு ஆட்டோக்களும் கூடிவிடும். லட்சுமிபுரம், மேல்மங்கலம், ஜெயமங்கலம், தேவதானப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும், தொட்டி நிறையப் பெண்கள் நின்றபடி போகும் மூன்று சக்கர வண்டிகளைப் பார்க்கலாம். தூக்குவாளி ஒரு கையில். மறு கை பக்கத்தில் நிற்பவரின் தோளில். மாங்காய் பறிக்கும் துரட்டிக் கழி தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலம் அதே வண்டி பெட்டிகளோடு மண்டிக்குப் போகும்போது, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு இறுக்கியிருப்பார்கள். பெட்டி சரிந்தால் வியாபாரிக்கு நஷ்டம். ஆள் சரிந்தால் யாருக்கு நஷ்டம் என்று இதுவரை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. உயிர்கள் போய், அதிகாரிகள் ஆஸ்பத்திரிக்கு ஓடி, நிவாரணம் அறிவிக்கும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. இந்தப் பயணம் உடனே நிற்க வேண்டும்.

மூன்று சக்கர வண்டி என்றாலே ஆபத்து என்று ஒட்டுமொத்தமாகப் பழிப்பதில் நியாயமில்லை. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1948-ல் ஸ்கூட்டரின் பின்புறத்தில் ஒரு பெட்டியைப் பொருத்தி ‘அபே’ வண்டியைக் கொண்டுவந்தது. சந்துகளில் நுழையும், நின்ற இடத்தில் திரும்பும், குறைந்த செலவில் ஓடும் என்பதால்தான் அந்த வகை வண்டி நம் ஊர் வரை வந்து சேர்ந்தது. இன்று நம் தெருக்களில் மூன்று விதம் ஓடுகிறது. மூன்று பேர் உட்காரும் சாதா ஆட்டோ, பெஞ்சு போட்ட ஷேர் ஆட்டோ, தொட்டி வைத்த லோடு ஆட்டோ. சொகுசு, பாதுகாப்பு, ஓட்டுபவரின் கைக்கு அடங்கும் தன்மை என்ற மூன்றையும் வைத்து இவற்றை எடை போட்டால், ஏழைப் பெண்கள் அன்றாடம் ஏறும் வண்டிதான் மூன்றிலும் கடைசியில் நிற்கிறது.

சொகுசிலிருந்து தொடங்குவோம். சாதா ஆட்டோவின் 8 அங்குலச் சக்கரம் சின்னப் பள்ளத்தில்கூட இறங்கித்தான் ஏறும். பின்சீட்டுக்கு அடியில் இன்ஜின் சூடு. ஆனாலும் சாய முதுகு உண்டு, பிடிக்கக் கம்பி உண்டு, தலைக்கு மேல் கூரை உண்டு. ஷேர் ஆட்டோவில் இடம் கூடுதல். ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினின் அதிர்வும் கூடுதல். ஓட்டுநருக்கு இருபுறமும் ஆளை ஒட்டவைத்துவிட்டால், வளைவில் திரும்பும்போது ஹேண்டில்பார் அவர்கள் முழங்காலில் இடிக்கும். முழங்காலை ஒதுக்கினால்தான் வண்டி முழுசாகத் திரும்பும் என்ற நிலை. பேட்டரி ஆட்டோவில் சத்தமும் அதிர்வும் குறைவு. லோடு ஆட்டோவிலோ உட்கார இடமே கிடையாது. ஏறக்குறைய அரை டன் சரக்கைத் தாங்குவதற்காக இறுக்கமாக அமைத்த சஸ்பென்ஷன் அது. நாலைந்து பேர் ஏறினால் தூக்கித் தூக்கிப் போடும். பதினைந்து பேர் ஏறினால் திணறும்.

வண்டி கைக்கு அடங்குமா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு என்று ஒரு முக்கோணத்தின் மேல்தான் ஆட்டோ நிற்கிறது. மொத்த எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை கவலையில்லை. வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கம் தள்ளும். அப்போது பிரேக்கையும் மிதித்தால் எடை முன்னுக்குப் பாயும். முன்பக்கத்தில்தான் முக்கோணம் குறுகிக் கூராகிறது. வளைவும் பிரேக்கும் சேரும் இடத்தில் ஆட்டோ கவிழ்வதற்கு இதுவே காரணம். மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் கவிழும்.

மூட்டையை அடுக்கினால் எடை தொட்டியின் அடியில் தங்கும். நிற்கிற மனிதரின் எடையோ இடுப்பருகே, தொட்டித் தளத்திலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் இருக்கிறது. தளமே சாலையிலிருந்து சுமார் இரண்டடி மேலே. ஆளுக்கு 50 கிலோ என்று வைத்தாலும் பதினைந்து பேருக்கு 750 கிலோ. சக்கரங்களின் அகலமோ நான்கடிதான். கட்டிய மூட்டை வளைவில் அசையாது. நிற்கும் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்வார்கள். எடை பின்னால் கூடிவிட்டால் ஏற்றத்தில் முன்சக்கரம் தரையில் சரியாகப் பதியாது, ஹேண்டில் சொன்னபடி கேட்காது. சோத்துப்பாறை சாலையிலும், கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியே கொடைக்கானல் ஏறும் குறுகிய மலைச்சாலையிலும் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். திண்டுக்கல் – குமுளி நெடுஞ்சாலையில் லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு முந்தும்போது, ஓட்டுநருக்கு வண்டியை வெடுக்கென்று ஒடிப்பதைத் தவிர வழியிருக்காது.

மூன்று சக்கரத்தின் இந்தக் குணத்தை உலகம் அறியாமல் இல்லை. அமெரிக்காவில் கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் மூன்று சக்கர மோட்டார் வண்டிகளால் உயிர்கள் போய்க்கொண்டே இருந்ததால், 1988-ல் அரசும் உற்பத்தி நிறுவனங்களும் நீதிமன்றத்தில் உடன்பாடு செய்துகொண்டு அவற்றின் விற்பனையை நிறுத்தின. நம் நாட்டில் 2023 அக்டோபரில் தொடங்கிய ‘பாரத் என்கேப்’ மோதல் சோதனை கார்களுக்குத்தான். ஆட்டோவுக்கு நட்சத்திரக் குறியீடு கிடையாது. கதவு இல்லை, சீட் பெல்ட் இல்லை. சாதா ஆட்டோ கவிழ்ந்தால் கூரைக் கம்பியாவது ஓரளவு காக்கும். திறந்த தொட்டி கவிழ்ந்தால் உள்ளே இருந்தவர்கள் நேராக ரோட்டில் விழுவார்கள். அவர்கள் மேல் வண்டியும் விழும்.

இதைவிடக் கொடுமை, அடிபட்ட பிறகு தொடங்குவது. சரக்கு வாகனத்தில் ஏறும் பயணிகளுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இல்லை என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு போனால் பாதுகாப்பு உண்டு. வண்டி உரிமையாளரிடம் வேலை செய்பவர்களுக்கும் ஓரளவு உண்டு. வாடகை வண்டியில் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்களுக்கு இல்லை. முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி சில வழக்குகளில் நீதிமன்றங்கள் உத்தரவிட்டதுண்டு. அந்த நம்பிக்கையில் தினமும் உயிரைப் பணயம் வைக்க முடியாது. பெரும்பாலும் தவணை கட்டவே திண்டாடும் வண்டிக்காரர் லட்சக்கணக்கில் இழப்பீடு எங்கிருந்து தருவார்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பெர்மிட் நிபந்தனையை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனையும் உண்டு. அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றினால், கூடுதலாக உள்ள ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய். அந்த அபராதத்தைச் சொல்லும் 194-ஏ பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்கள் போக மாற்று வண்டி ஏற்பாடு செய்த பிறகே அந்த வண்டியை நகர விட வேண்டும். நடைமுறையில் அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. வண்டி அதே ஆட்களோடு அடுத்த வளைவை நோக்கிப் போய்விடுகிறது.

ஏறும் பெண்களைக் குறை சொல்வது சுலபம். விடியல் பயணத் திட்டத்தில் 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் விடியும் முன்னே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் தோப்புக்குப் பஸ் ஏது? வண்டியை விட்டால் அன்றைய கூலி போச்சு. கம்பம், போடிப் பக்கமிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகும் பெண்களின் கதையும் இதுதான். ஆட்டோக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மூன்று பேர் கட்டணத்தில் டீசலும் தவணையும் எஃப்.சி. செலவும் கட்டுப்படியாகாது என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. கும்பக்கரை அருவியில் தண்ணீர் கொட்டும் நாட்களில் ஒரு குடும்பத்தையே ஒரே ஆட்டோவில் அடைப்பதும், பள்ளிப் பிள்ளைகளை ஓட்டுநர் சீட்டு வரை ஏற்றுவதும் இந்தக் கணக்கில்தான். கணக்கு கட்டுப்படியாகவில்லை என்பதற்காக, அதை உயிர்களால் ஈடுகட்ட முடியாது.

2012-ல் சென்னை தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான், பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வந்தன. அதற்கு முன்பும் அந்த ஓட்டையைப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். லோடு ஆட்டோவையும் நாம் எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே பறிப்புக் காலத்துக்கு முன்பே சில காரியங்கள் நடந்தாக வேண்டும். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் பேருந்து இல்லாத ஊர்களுக்கானது. தோப்புகளுக்குப் போகும் பாதைகளை அதில் சேர்த்து, வேலைக்குப் போகும் நேரத்துக்கும் திரும்பும் நேரத்துக்கும் ஒரு நடையாவது விட வேண்டும். தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர்களும் ஆள் கூட்டிப் போகும் ஏஜென்ட்களும், பயணிகள் பெர்மிட் உள்ள வேன்களில்தான் ஆட்களை அழைத்துப் போக வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் அவர்களைக் கூட்டிப் பேச வேண்டும். மீறினால் ஓட்டுநரோடு அவர்களும் பதில் சொல்ல வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களின் சோதனை பகல் பதினோரு மணிக்கு மெயின் ரோட்டில் நடந்து பயனில்லை. காலை ஆறு மணிக்குத் தோப்புப் பாதைகளின் முனையில் நடக்க வேண்டும். பிடித்த வண்டியிலிருந்து இறக்கும் ஆட்களை வேலையிடத்தில் சேர்க்க ஒரு வாகனமும் அங்கே நிற்க வேண்டும். சட்டமே அந்தக் கடமையைச் சொல்கிறது. ஆட்டோ சங்கங்களும் தங்கள் ஸ்டாண்டுகளில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளட்டும்: லோடு ஆட்டோவில் சரக்கு மட்டும், சாதா ஆட்டோவில் மூன்று பேர் மட்டும்.

இவை எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். மாவட்ட ஆட்சியர், போக்குவரத்துத் துறை, காவல் துறை, குத்தகைதாரர்கள் ஆகியோர் ஒரு நாள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். அந்தக் கூட்டம் விபத்துக்குப் பிறகு எப்படியும் நடக்கத்தான் போகிறது. அதை இந்த வாரமே நடத்துங்கள்.