சேர்த்தால் போதுமா?

நம் சங்க இணையதளத்தை நம்பி ஊரிலிருந்து வந்த மாணவர் ஒருவர், விடுதிக் கட்டணம் இருமடங்கென்று கேட்டுத் திகைத்தார். இன்று தாராவியில் மாமா வீட்டில் ஒண்டியிருக்கிறார். பக்கம் பழையது, திருத்துவார் இல்லை!

தோழர்களே, மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலார் கு. கல்யாணசுந்தரம் தொடங்கியது. ஊதியம் பெறாத அன்பர்கள் தட்டச்சிட்ட நூல்கள், எளிய பக்கங்கள். கோப்பை வைத்துப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் நூல் ஏறிவிடும். அதோடு விட்டார்களா? டிஸ்கிக் குறியீட்டில் இருந்தவற்றை யூனிகோடுக்கு மாற்றினார்கள். மாற்றாதிருந்தால் நம் கைப்பேசியில் குறளும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

நாமோ விழாப் படங்களை மட்டும் அன்றே ஏற்றிவிடுகிறோம். (முன்வரிசையில் நானும் நிற்கிறேன்!) மாதுங்காவில் கூடும் பொதுக்குழு, செயலாளரோடு பக்கங்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரையும் தேர்ந்தெடுக்கட்டும். முதல் ஆண்டுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.