ஆற்றுப்படையும் முள்வேலியும்

நடப்பதற்கென்றே நடப்பது தமிழருக்கு அந்நியமான பழக்கம், அது ஆங்கிலேயரின் ஓய்வுநாள் கேளிக்கை என்று இலக்கிய நண்பர்கள் சிலர் அண்மைக்காலமாகப் பேசியும் எழுதியும் வருகிறார்கள். நம்மிடம் இருந்தவை பிழைப்பு தேடிய நடையும் வேண்டுதல் நடையும் மட்டும்தானாம். முதுகுப்பையோடு வரப்புகளையும் கடற்கரை மணலையும் கடந்து செல்வது இறக்குமதியான நாகரிகமாம். ஆகவே வயல்வெளிப் பாதைகள் குறித்தும் கரையோரப் பாதைகள் குறித்தும் கவலைப்படுவது நடுத்தர வர்க்கத்தின் பாவனை என்பது அவர்கள் முடிவு. இம்முடிவை நாம் மறுக்கிறோம். மறுப்பதற்கு மேற்கே போகவேண்டியதில்லை. பத்துப்பாட்டைத் திறந்தால் போதும்.

பரிசில் பெற்ற ஒருவன் பெறாத ஒருவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. வகுப்பறைகளில் இந்த ஒரு வரியோடு அந்த இலக்கியவகை முடிந்துவிடுகிறது. ஐந்து மதிப்பெண்ணுக்கு அதுவே மிகுதி. ஆனால் புலவன் தன் பாட்டில் கணிசமான பங்கைச் செலவிட்டது வள்ளலின் கொடைக்கு மட்டுமன்று, வழிக்கும்தான். மலைபடுகடாம் பாடியவர், பன்றிக்கு வைத்த கற்பொறி எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொண்டு இறங்குவது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார். நடந்து பழகாத கைக்கு இந்த விவரங்கள் வராது.

நம் வழக்குக்கு இன்னும் நெருங்கியது சிறுபாணாற்றுப்படை. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், ஓய்மானாட்டு நல்லியக்கோடன்மீது பாடிய 269 அடிகள். பாணனின் வழி கடற்கரையில் எயிற்பட்டினத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து வேலூர், ஆமூர், பிறகு கிடங்கில். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், வேலூர் உப்புவேலூர் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் அறிஞர் பலர் கொள்வர். ஒவ்வோர் ஊரிலும் பாணனுக்கு ஒரு வேளை உணவு காத்திருக்கிறது. கடற்கரையில் நுளைமகள் வடித்த தேறலும் சுட்ட குழல்மீன் கருவாடும். வேலூரில் எயினப் பெண்கள் சமைத்த புளிச்சோறும் காட்டுப்பசுவின் சுட்ட இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கலவையும். நெய்தலும் முல்லையும் மருதமும் திணை அட்டவணையில் மூன்று கட்டங்கள். இந்தப் பாட்டில் அவை ஒரு மனிதன் அடுத்தடுத்து நடந்து கடக்கும் நிலங்கள். கடலோரத்திலிருந்து நாட்டுப்புறத்தின் ஊடாகச் செல்லும் நடைவழியைத் திசையோடும் சாப்பாட்டோடும் எழுதிவைத்த மொழியில் இருந்துகொண்டு, நடை நமக்கு அந்நியம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

பாணன் நடந்தது பிழைப்புக்காகத்தானே என்பார்கள். ஆம், பிழைப்புக்காகத்தான். ஆனால் வறியவன் ஒருவன் நாட்டைக் கண்டுகொண்டே நடந்தான் என்பதைப் புலவர் மறைக்கவில்லை. இளங்கோவும் மறைக்கவில்லை, புகாரிலிருந்து மதுரைக்குப் போகும் வழிக்காட்சிக்கு அவர் இட்ட பெயரே நாடுகாண் காதை. வயல்வழியே போனால் நண்டும் நத்தையும் காலில் மிதிபட நேரும் என்று கவுந்தியடிகள் கோவலனை எச்சரிப்பதும் அக்காதையில்தான். நடப்பவனுக்கு இதைவிட நுட்பமான ஒழுக்கவிதியை எந்த நாட்டு மலையேற்றக் கழகமும் வகுத்ததாகத் தெரியவில்லை.

இனி அந்த வழியின் இன்றைய நிலை. மரக்காணத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே சாலைவழி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அதைத் தார்ச்சாலையில் இறங்காமல் நடந்துவிட முடியுமா என்று மாணவர்கள் சிலரோடு முயன்று பார்த்தோம். முடியவில்லை. உப்பளங்களின் மேட்டுக்கரைகளில் யாரும் தடுக்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். கழுவெளியின் ஓரத்திலும் நடக்க முடிந்தது. (2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெருஞ்சதுப்பு அது, திண்டிவனத்துக்காரர்களிலேயே பலர் பார்த்திருக்க மாட்டார்கள்.) தொல்லை தொடங்கியது மனைப்பிரிவுகளில். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த இடமெல்லாம் பழைய வண்டிப்பாதை பாதியில் நின்றது. வேலிக்கு அப்பால் அதே பாதை தொடர்வது கண்ணுக்குத் தெரிந்தது, எருக்கு முளைத்து. கடற்கரையிலும் இதே கதைதான். ஒரு சொகுசு விடுதியின் காவலாளி, அலை நனைக்கும் மணலில் நின்றுகொண்டு, இது தனியார் இடம் என்று எங்களிடம் சொன்னார். அவரை நொந்து பயனில்லை, அவர் கூலிக்குச் சொன்னார். ஆனால் 1991-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையின் இணைப்பு, இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கரைக்குச் செல்ல 20 மீட்டர் அகலத்துக்குக் குறையாத இடைவெளி விடவேண்டும் என்றே கூறியது. அந்த 20 மீட்டரை யார் எப்போது அளந்து பார்த்தார்கள்?

சட்டத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. பழைய கிரயப் பத்திரங்களில் 'வழிநடை பாத்தியம்' என்றொரு தொடர் வரும். 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம் அந்தப் பாத்தியத்தை ஏற்கிறது: தனியார் நிலத்தின் குறுக்கே 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையாக நடந்து வந்தால் அந்த வழி உரிமையாகும், அரசு நிலமானால் 30 ஆண்டுகள். அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்வதைத்தான் நம் நண்பர்கள் கவனிக்கவேண்டும். அத்தகைய வழியில் 20 ஆண்டுகள் தொடர்ந்து யாரும் நடக்காவிட்டால் உரிமை அற்றுப்போகும். வேலி போட்டவன் அதற்குமேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். ஊரில் எல்லோரும் இருசக்கர வாகனத்துக்கு மாறி இருபதாண்டுகள் ஆகிக்கொண்டிருக்கின்றன. வரப்புவழி நடப்பது நாகரிகப் பாவனையா, பாத்தியத்தை உயிரோடு வைத்திருக்கும் செயலா என்பதை இந்தப் பிரிவை வைத்துக்கொண்டு யோசிக்கட்டும்.

ஆங்கிலேயரின் கேளிக்கை என்கிறார்களே, அங்கும் கதை அப்படியன்று. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறுபேர், நிலவுடைமையாளர்கள் கௌதாரி வேட்டைக்காக மூடிவைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி நடந்தார்கள். ஐவர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் வந்த சட்டம், பொதுவழிகளை ஒன்றுவிடாமல் வரைபடத்தில் பதிவுசெய்யும் கடமையை உள்ளாட்சிகளுக்கு விதித்தது. ஒருமுறை பொதுவழியென்றால் என்றைக்கும் பொதுவழி என்பது அந்நாட்டின் பழைய நீதிநெறி. நடக்காமல் விட்டால் மட்டும் வழி சாகாது. தென்மேற்குக் கரையோரம் 630 மைல் நீளும் பாதை, கள்ளக்கடத்தலைக் கண்காணிக்கச் சுங்கக் காவலர் நடந்து உண்டானது. வேல்ஸ் நாட்டின் கரை முழுவதையும் தழுவி 1,400 கிலோமீட்டர் பாதை 2012-இல் திறக்கப்பட்டது. அவர்களைப்போல நாமும் பொழுதுபோக்க வேண்டும் என்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. கூலித்தொழிலாளர் சிறைசென்று பெற்ற ஒன்றைக் கேளிக்கை என்று ஒதுக்குவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி என்பதற்காகச் சொல்கிறோம். நம் நாட்டிலும் 1930-இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் கடற்கரைக்கு 150 மைல் நடந்தவர்களுக்குச் சோறிட்டால் சிறை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டிவைத்தார்கள். சிறுபாணனுக்கு விருந்திட்டவர்களின் வழிவந்தவர்கள் அல்லவா!

அரசுக்கும் நடை என்றால் மலைதான் நினைவுக்கு வருகிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, இணையவழி முன்பதிவும் கட்டணமும் வழிகாட்டியும் ஏற்படுத்தியது. காட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த மாதிரியைச் சமவெளிக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்து, சங்க இலக்கியப் பாதை என்று கருங்கல் பலகை நட்டு, நுழைவாயிலில் சீட்டுக் கிழிக்கத் தொடங்கினால் அதைவிடக் கேடு வேறில்லை. இத்தகைய திட்டத்துக்குக் கைதட்டக் காத்திருக்கும் இலக்கிய அமைப்புகளையும் நாம் அறிவோம். உப்பளத்துக்கு விடியலில் போகும் பெண்களும், கழுவெளியில் நண்டும் இறாலும் பிடிக்கும் இருளர்களும், ஆடு ஓட்டுபவர்களும், கரைவலை இழுப்பவர்களும் அப்பாதைகளில் இன்னமும் நடந்துகொண்டிருக்கிறார்கள். வேலி முதலில் மறிப்பது அவர்களைத்தான். அவர்கள் மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போகிறார்கள், எழுதுவதில்லை. அவர்களை ஓரந்தள்ளிவிட்டு நமக்கொரு நடைபாதை வேண்டாம்.

நாம் கேட்பது சிறியது. ஒவ்வொரு கிராமத்தின் புலப்படத்திலும் அ-பதிவேட்டிலும் வண்டிப்பாதை, நடைபாதை என்று வரையப்பட்ட புறம்போக்குகள் இருக்கின்றன. அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கட்டும். மறிக்கப்பட்டவை எவை என்று கிராம சபையில் படிக்கட்டும். கரையோர ஊராட்சிகள் விடுதிகளுக்கிடையிலான இடைவெளியை அளந்து கல் நடட்டும். இலக்கியக் கூட்டங்களை மாவட்டத் தலைநகர் மண்டபங்களில் நடத்தும் நண்பர்கள் ஆண்டுக்கு ஒன்றையாவது மரக்காணத்தில் தொடங்கித் திண்டிவனத்தில் முடிக்கட்டும், கால்நடையாக, வரப்பின்மேல். தை மாதம் ஏற்றது. கழுவெளியில் நீரும் பறவைகளும் இருக்கும், வெயிலும் கடுமையில்லை. புலப்பட நகலை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் யாராவது இது தனியார் இடம் என்றால் காட்டுவதற்கு அது வேண்டியிருக்கும்.